எவ்வளவு தள்ளி நின்றால் போதும்? கதிர்வீச்சுத் தூரக் கணக்கு, படிப்படியாக

1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், வெல்டர் ஒருவர் கீழே கிடந்த சின்ன உலோகத் துண்டு ஒன்றை எடுத்துக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். குழாய் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் ரேடியோகிராபி கருவியிலிருந்து கழன்று விழுந்த இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் அது. சில மணி நேரம் பாக்கெட்டிலேயே இருந்தது. உயிர் தப்பியது, ஆனால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதே துண்டு ஐந்து மீட்டர் தள்ளித் தரையில் கிடந்திருந்தால், அத்தனை மணி நேரத்துக்கும் தோல் சிவந்துகூட இருக்காது.

இந்த வித்தியாசத்தைக் கணக்கிட ஒரு கால்குலேட்டர் போதும்.

படி 1: ஒரு தூரத்தின் அளவைப் பிடியுங்கள்

ஏதாவது ஒரு தூரத்தில் கதிர்வீச்சின் அளவு தெரிந்தால் மற்ற எல்லாத் தூரத்துக்கும் கணக்குப் போட்டுவிடலாம். பெரும்பாலும் 1 மீட்டரை எடுத்துக்கொள்வார்கள். கதிரியக்கப் பொருளின் வலிமையைக் கிகாபெக்கரலிலோ கியூரியிலோ சொல்வார்கள்; உடம்பு வாங்கும் கதிர்வீச்சைச் சீவர்ட்டில் அளப்பார்கள். இரிடியம்-192 ஒரு கிகாபெக்கரல் இருந்தால், 1 மீட்டரில் மணிக்குச் சுமார் 0.13 மில்லிசீவர்ட். ரேடியோகிராபி கருவிக்குள் 1,000 கிகாபெக்கரல், அதாவது 27 கியூரி இருப்பது சாதாரணம். அப்படியென்றால் 1 மீட்டரில் மணிக்கு 130 மில்லிசீவர்ட்.

படி 2: எத்தனை மடங்கு தூரம் என்று பார்த்து, அதன் வர்க்கத்தால் வகுங்கள்

2 மீட்டருக்குப் போனால் தூரம் 2 மடங்கு. 2 × 2 = 4. ஆக 130 ÷ 4 = 32.5. 10 மீட்டரில் 130 ÷ 100 = 1.3.

தூரம் இரண்டு மடங்கானால் அளவு பாதியாகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கால்பங்காகிறது. கதிர் வெளிவரும் பொருளான சோர்ஸைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து பாருங்கள். 1 மீட்டர் ஆரத்தில் அதன் பரப்பு 12.6 சதுர மீட்டர்; 2 மீட்டர் ஆரத்தில் 50.3. அதே கதிர்கள் நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டியிருக்கிறது. உங்கள் உடம்பின் மேல் விழுவது அதில் கால்பங்குதான். பாடப்புத்தகத்தில் வரும் தலைகீழ் இருமடி விதி இதுதான்.

படி 3: இப்போது கிட்டே வாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். 10 சென்டிமீட்டரில் தூரம் பத்தில் ஒன்று, அளவு 100 மடங்கு: மணிக்கு 13 சீவர்ட். 1 சென்டிமீட்டரில் 10,000 மடங்கு: மணிக்கு 1,300 சீவர்ட். நொடிக்கு 0.36 சீவர்ட் என்று பிரித்துப் பார்த்தால்தான் பாக்கெட்டில் நடந்தது புரியும். உடம்பு முழுவதும் குறுகிய நேரத்தில் 4 அல்லது 5 சீவர்ட் வாங்கினால், சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப்பேர் பிழைப்பதில்லை. அந்த வெல்டருக்குத் தொடையிலும் பின்பக்கத்திலும் ஒரே இடத்தில் விழுந்ததால் அந்தச் சதை அழிந்தது.

நீளமான இடுக்கி இல்லாமல் சோர்ஸைத் தொடவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். கைக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி கிடைத்தாலே விரலுக்கு, 1 சென்டிமீட்டரில் வருவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வரும்.

படி 4: கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

மணிக்கு 10 மைக்ரோசீவர்ட், அதாவது 0.01 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். 130 ÷ 0.01 = 13,000. இதன் வர்க்கமூலம் 114. ஆக 114 மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். வேலை நடக்கிற ஆலைக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால்தான் பல இடங்களில் ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் படமெடுக்கிறார்கள். கதிரை ஒரு பக்கமாகக் குறுக்கும் காலிமேட்டரையும் மாட்டுகிறார்கள்.

படி 5: நேரத்தால் பெருக்குங்கள்

மணிக்கு 10 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் அரை மணி நேரம் நின்றால் 5 மைக்ரோசீவர்ட். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1,000 மைக்ரோசீவர்ட், அதாவது 1 மில்லிசீவர்ட்.

கணக்கு பொய்க்கும் இடங்கள்

சோர்ஸ் புள்ளிபோலச் சின்னதாக இருந்தால்தான் இந்த விதி சரியாக வரும். பெரிய பீப்பாய்க்குப் பக்கத்திலோ தரை முழுக்கக் கதிரியக்கத் தூசி படிந்த இடத்திலோ தள்ளிப் போனாலும் அளவு இவ்வளவு வேகமாகக் குறையாது. சுவரிலும் தரையிலும் பட்டுச் சிதறும் கதிரும் கொஞ்சம் கூட்டும். ஆகவே களத்தில் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர் காட்டுவதுதான் கடைசி வார்த்தை. ஆல்ஃபா கதிர் காற்றில் சில சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். இந்தக் கணக்கு இரிடியம்-192 வெளிவிடும், ஊடுருவிச் செல்லும் காமா கதிருக்கானது. தூசியை மூச்சில் இழுத்துவிட்டால் தூரம் என்ற பேச்சே இல்லை, சோர்ஸ் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

பழைய இரும்புக் கடையிலோ வேலையிடத்திலோ மூன்று இதழ்ச் சின்னம் போட்ட பெட்டியையோ, அப்படிப்பட்ட பெட்டிக்கு அருகே விழுந்து கிடக்கும் உலோகத் துண்டையோ பார்த்தால் தொடாதீர்கள். முதலில் விலகிப் போங்கள், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்புறம் 112-க்குக் கூப்பிடுங்கள்.