அப்பா அம்மாவுக்கு மெடிகேர் எடுக்கப் போறீங்களா, அந்த ஆறு மாசத்த விட்றாதீங்க

போன வாரம் நம்ம பக்கத்துத் தம்பி ஒருத்தர் ஃபோன் பண்ணாரு. அவங்கப்பா கிரீன் கார்டுல வந்து அஞ்சு வருஷம் முடியப் போகுது, மெடிகேர் (அமெரிக்காவுல 65 தாண்டினவங்களுக்கான கவர்மென்ட் இன்ஷூரன்ஸ்) எடுக்கணும், "அண்ணே, மாசம் ஜீரோ டாலர் பிளான் இருக்காம், பல்லு கண்ணு எல்லாம் கவராம், மளிகை வாங்க கார்டு வேற குடுக்கறாங்களாம், போட்டுரவா?"ன்னாரு. ஒரு மணி நேரம் கத்தித் தீத்துட்டேன் பாவம். கோவம் அவர் மேல இல்ல. 2019ல இதே பிளான யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம எங்கப்பாவுக்குப் போட்டு வெச்ச என் மேலதான். அவருக்குச் சொன்னத அப்படியே எழுதி வெச்சிட்டா அடுத்த ஆளுக்கு லிங்க் அனுப்பிரலாம்ல, அதுக்குத்தான் இது.

முதல்ல சட்டுனு ஆபீஸ் விஷயத்த முடிச்சிரலாம். 65 வயசு ஆகி, கிரீன் கார்டோட தொடர்ச்சியா 5 வருஷம் இங்க இருந்தா மெடிகேர் வாங்கலாம். கவனிங்க, வாங்கலாம். நீங்க இருபது வருஷம் டாக்ஸ் கட்டுனதெல்லாம் அப்பா அம்மா கணக்குல ஏறாது, எத்தன பேரு இத நம்பிட்டு இருக்காங்கனு பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. அவங்களோ அவங்க கணவனோ மனைவியோ இங்க வேலை பாத்து 40 கிரெடிட் சேத்திருந்தாதான் பார்ட் ஏ (ஆஸ்பத்திரில படுக்கற செலவுக்கு) ஃப்ரீ. வருஷத்துக்கு அதிகபட்சம் 4 கிரெடிட், 2026 கணக்குப்படி 7,560 டாலர் சம்பாதிச்சா அந்த 4 கிரெடிட்டும் கெடைக்கும், அதுக்காகவே பத்து வருஷம் கடைல கல்லாவுல நின்ன நம்மூர் அங்கிள்ங்க உண்டு, அவங்கள நான் கையெடுத்துக் கும்பிடறேன். 30 கிரெடிட்டுகூட இல்லைனா பார்ட் ஏவுக்கு 2026ல மாசம் 565 டாலர், பார்ட் பிக்கு (டாக்டர் செலவுக்கு) 202.90. தகுதி வர்ற மாசத்துக்கு முன்னாடி மூணு, பின்னாடி மூணு, ஆக ஏழு மாசத்துக்குள்ள சோஷியல் செக்யூரிட்டில அப்ளை பண்ணிடணும், விட்டீங்கன்னா பார்ட் பிக்கு ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 10 சதவீதம் அபராதம், அது ஆயுசுக்கும் கூடவே வரும். அந்த அஞ்சு வருஷம் முடியற வரைக்கும் ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸ் பிளான் பாருங்க, விசிட்டர் இன்ஷூரன்ஸ மட்டும் நம்பி உக்காந்திராதீங்க, சுகர் பிபின்னாலே அதுல பாதி கழண்டுரும். அவ்வளவுதான்.

இனிமேதான் விஷயம். மெடிகேர் கார்டு கைக்கு வந்ததும் ரெண்டு பாதை பிரியும். ஒண்ணு ஒரிஜினல் மெடிகேர், கவர்மென்ட்டே நேரடியா பணம் குடுக்கும், மெடிகேர் எடுத்துக்கற எந்த டாக்டர்கிட்டயும் போலாம், ஆனா டாக்டர் பில்லுல 20 சதவீதம் நம்ம தலையில, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த ஓட்டைய அடைக்கத்தான் மெடிகேப்னு தனியா ஒரு பாலிசி, மருந்துக்கு பார்ட் டி தனி. இன்னொண்ணு மெடிகேர் அட்வாண்டேஜ், பார்ட் சின்னும் சொல்வாங்க, அந்தத் தம்பி கேட்ட ஜீரோ டாலர் பிளான் இதுதான். கவர்மென்ட் தலைக்கு இவ்வளவுனு மாசாமாசம் பிரைவேட் கம்பெனிக்குக் குடுத்துரும், மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க. 1997ல வேற பேர்ல ஆரம்பிச்சு 2003 சட்டத்துல இந்தப் பேரு வெச்சாங்க, இன்னைக்கு தகுதி உள்ளவங்கள்ல பாதிக்கு மேல இதுலதான் இருக்காங்க. தலைக்கு இவ்வளவுனு முன்னாடியே பணம் வாங்கிட்டவன் செலவு பண்ண யோசிப்பானா மாட்டானா, நீங்களே சொல்லுங்க.

நம்மூர்ல கேஷ்லெஸ்னு சேத்துவிட்டு, டிஸ்சார்ஜ் அன்னைக்கு டிபிஏ (இன்ஷூரன்ஸ் சார்பா கிளெய்ம் பாக்கற கம்பெனி) அப்ரூவல் வரலைனு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பைய கட்டி வெச்சிட்டு பெட்லயே உக்காந்திருப்போமே, ஞாபகம் இருக்கா? அந்த டிபிஏ ஆளு ஸ்கேனுக்கு முன்னாடி ஒருக்கா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருக்கா, படுத்திருக்கும்போது மூணு நாளைக்கு ஒருக்கானு கூடவே வந்து நின்னா எப்படி இருக்கும்? அட்வாண்டேஜ்னா அதுதான், ப்ரையர் ஆத்தரைசேஷன், அதாவது முன் அனுமதினு பேரு. மத்திய சுகாதாரத் துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸே 2022ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, இந்தக் கம்பெனிங்க முன் அனுமதி மறுத்த கேஸ்கள எடுத்துப் பாத்தா அதுல 13 சதவீதம் மெடிகேர் ரூல்படி குடுத்திருக்க வேண்டியது. (ஒரிஜினல் மெடிகேர் மட்டும் கிட்டத்தட்ட சுத்தம்னு இருந்துச்சு, இப்ப 2026 ஜனவரியிலேர்ந்து எங்க நியூஜெர்சி உட்பட ஆறு மாநிலத்துல சில சிகிச்சைகளுக்கு அதுலயும் முன் அனுமதிய சோதனை பண்ணிப் பாக்கறாங்க. விளங்குன மாதிரிதான்.)

எங்க கதைக்கு வர்றேன். அப்பா துறையூர் தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. 2014ல கிரீன் கார்டுல வந்தாரு, அம்மா அவங்கம்மாவப் பாத்துக்கணும்னு ஊர்லயே இருந்துட்டு 2019லதான் வந்தாங்க. அதே 2019ல அப்பாவுக்கு மெடிகேர் தகுதி வந்துச்சு. ஒரு விழால சாம்பார் சாதம் வரிசைக்குப் பக்கத்துல டேபிள் போட்டு ஒரு ஏஜென்ட் உக்காந்திருந்தாரு, தமிழ்ல பேசுனாரு, சிரிச்சாரு, "அங்கிளுக்கு பல்லு கட்டணும்னா கூட இதுலயே வரும்"ன்னாரு, சாப்பாட்டுத் தட்ட கைல வெச்சிட்டே நான் தலையாட்டுனேன். அவர் பொய் சொன்னார்னு சொல்ல மாட்டேன். சொல்லாம விட்டதுதான் நெறைய. மெடிகேப்புங்கற வார்த்தையே அவர் வாயிலேர்ந்து வரல. இந்த மாதிரி ஒரு ஆளச் சேத்துவிட்டா ஏஜென்ட்டுக்கு முதல் வருஷம் இவ்வளவு வரைக்கும்தான் கமிஷன்னு கவர்மென்ட்டே ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கு, 2024ல நாடு முழுக்க அது 611 டாலர், நியூஜெர்சியில அதுக்கும் மேல.

நாலு வருஷம் ஒரு குறையும் இல்ல, அதையும் சொல்லணும். பல்லு கட்டுனாரு, கண்ணாடி மாத்துனாரு, எல்லார்கிட்டயும் "ஒத்த பைசா செலவில்ல"னு பெருமையா சொல்லுவாரு. நல்லா இருக்கற வரைக்கும் நல்ல பிளான்.

2024 ஜனவரி, குப்பைத் தொட்டிய தெருவுக்கு இழுத்துட்டுப் போனவரு ஐஸ்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அப்புறம் ரீஹேப், அதாவது தங்கி நடக்கப் பழகற எடத்துக்குப் போகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, கம்பெனி ஓகே சொல்ல நாலு நாள், வீட்டுக்கிட்ட இருக்கற எதுவும் கம்பெனியோட நெட்வொர்க்ல (அவங்க ஒப்பந்தம் போட்ட லிஸ்ட்ல) இல்ல, நாப்பது நிமிஷம் தள்ளி ஒரு எடம் கெடைச்சுது. அங்க சைவம்னா தயிரும் பிரட்டும், அம்மா தெனமும் ரசஞ்சாதத்த டப்பால கட்டி அந்தக் குளிர்ல என்கூட வருவாங்க. பதிமூணாவது நாள் சாயங்காலம் போறேன், தலமாட்டுல ஒரு பேப்பர், கீழ அப்பாவோட அழகான தாலுகா ஆபீஸ் கையெழுத்து. நாளன்னைக்கோட கவரேஜ் முடியுதுனு நோட்டீஸ் அது. ஏன்னு கேட்டா வாக்கர் புடிச்சு 60 அடி நடந்துட்டாராம். எங்க வீட்ல பெட்ரூமுக்கு 14 படி ஏறணும்யா!

மெடிகேர்ல ரீஹேப் 100 நாள் வரைக்கும்னு எல்லாரும் படிச்சிருப்பீங்க, அது உச்சவரம்பு, அட்வாண்டேஜ்ல எத்தனாவது நாள்ல நிறுத்தறதுனு மொதல்ல முடிவு பண்றது கம்பெனி. நிறுத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது இந்த நோட்டீஸ் குடுக்கணும், கவரேஜ் முடியற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் 12 மணிக்குள்ள, அந்த நோட்டீஸ்லயே இருக்கற க்யூஐஓங்கற வெளி அமைப்போட நம்பருக்கு ஃபோன் பண்ணா அவங்க உடனே விசாரிப்பாங்க. நான் பேப்பர எடுத்துட்டு வந்து, மறுநாள் மீட்டிங் எல்லாம் முடிச்சு, மூணு மணிக்கு நிதானமா படிச்சேன். மூணு மணி நேரம் லேட். அப்புறம் அப்ப இருந்த ரூல்படி கம்பெனிகிட்டயே அப்பீல், 72 மணி நேரத்துல இல்லைனு பதில். பாதில கூட்டிட்டு வர மனசில்லாம பதினோரு நாள் கைக்காசு, நாளைக்கு 430 டாலர், கணக்கு நீங்களே போட்டுக்கங்க. "அது டிஸ்சார்ஜ் சம்மரினு நெனச்சேன்டா"ன்னாரு அப்பா. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேனு ஊருக்கே புத்தி சொன்ன மனுஷன், அதுக்கப்புறம் ரெண்டு நாள் என் மூஞ்சியப் பாக்கல.

முன் அனுமதி மறுப்ப எதுத்து அப்பீல் பண்றவங்க பத்துல ஒருத்தர்தான், ஆனா 2022 கணக்குப்படி அப்படிப் பண்ணவங்கள்ல நூத்துக்கு எண்பது பேருக்கு மேல முழுசாவோ கொஞ்சமாவோ ஜெயிச்சிருக்காங்க. அதனால இல்லைன்னாங்கன்னா அதோட விட்றாதீங்க, டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி அடிச்சு ஆடுங்க.

ஆனா அந்த நாலாயிரத்து சொச்சம் இல்ல எங்களுக்கு விழுந்த அடி. சரி போகட்டும், அக்டோபர் 15லேர்ந்து டிசம்பர் 7 வரைக்கும் பிளான் மாத்தலாம்ல, அப்பாவ ஒரிஜினலுக்கு மாத்தி மெடிகேப் போட்டுரலாம்னு தைரியமா இருந்தேன். ஒரிஜினலுக்குப் போலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. மெடிகேப்புக்கு ஃபோன் பண்ணா அந்தம்மா கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. ஸ்டென்ட் வெச்சிருக்காரா? ஆமா. இன்சுலின் போடறாரா? ஆமா. சமீபத்துல ஆஸ்பத்திரில படுத்தாரா? ஆமாம்மா, அதனாலதானே கேக்கறேன். முடியாதுன்னுட்டாங்க. ஒபாமாகேர் வந்ததிலேர்ந்து இன்ஷூரன்ஸ்காரங்க பழைய வியாதியக் காட்டி ஒதுக்கக் கூடாதுனுதானே நாம நெனச்சிட்டு இருக்கோம், அந்த ரூல் மெடிகேப்புக்குப் பொருந்தாது. 65 வயசு தாண்டி பார்ட் பி ஆரம்பிக்கற மாசத்துலேர்ந்து ஆறே ஆறு மாசம், அதுக்குள்ள எந்தக் கேள்வியும் இல்லாம எந்த வியாதியோட வந்தாலும் குடுத்தாகணும். அந்த ஆறு மாசம் ஆயுசுல ஒரு தடவதான். 65ல முதல் தடவையா தகுதி வந்து உடனே அட்வாண்டேஜ்ல சேந்தவங்களுக்கு 12 மாசத்துக்குள்ள மனசு மாறலாம்னு ஒரு சலுகை இருக்கு, நம்ம அப்பாங்க மாதிரி எழுபதுல மெடிகேர் கார்டு வாங்கறவங்க அத நம்பாதீங்க. எங்கப்பாவோட ஆறு மாசம் 2019லயே பல்லு செட்டோட போயிருச்சு.

வயித்தெரிச்சல் என்னன்னா, நியூயார்க்லயும் கனெக்டிகட்லயும் வருஷம் முழுக்க எப்ப வேணா மெடிகேப் குடுத்தாகணும்னு மாநிலச் சட்டம் இருக்கு. ஹட்சன் ஆத்துக்கு அந்தப் பக்கம். அப்பாவுக்கு க்வீன்ஸ்ல ஒரு ரூம் எடுத்துரலாமானு நெசமாவே ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன், பிள்ளையார் கோயிலும் அங்கதான் இருக்கு, அவருக்கும் பொழுது போகும். விட்டுட்டேன். மெடிகேப் இல்லாம ஒரிஜினல்ல இருந்தா 20 சதவீதத்துக்கு உச்சவரம்பு இல்ல, அட்வாண்டேஜ்லயாவது நெட்வொர்க்குக்குள்ள வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு எல்லை உண்டு, அது 2026ல அதிகபட்சம் 9,250 டாலர். அதனால அப்பா இன்னைக்கும் அட்வாண்டேஜ்லதான் இருக்காரு, வேற வழியில்ல.

அம்மா விஷயத்துல மட்டும் புத்தி வந்துச்சு. அவங்களுக்கு 2024 செப்டம்பர்ல தகுதி வந்துச்சு, சுகர், பிபி, தைராய்டு மூணும் உண்டு, அந்த ஆறு மாசத்துக்குள்ள மெடிகேப் பிளான் ஜி போட்டேன், ஒரு கேள்வி கேக்கல. செலவு எக்கச்சக்கம், மறைக்க மாட்டேன், ஏ, பி, ஜி, மருந்து எல்லாம் சேந்து மாசம் ஆயிரம் டாலர கிட்ட தொடுது. கட்ட முடியாதவங்க அட்வாண்டேஜ் போனா நான் தப்புனு சொல்ல மாட்டேன், ஆனா என்னத்த விட்டுக் குடுக்கறோம்னு தெரிஞ்சு போங்க. வருமானம் ரொம்பக் கம்மின்னா மெடிகெய்ட்ங்கற கவர்மென்ட் திட்டம் பக்கமா வேற உதவி இருக்கு, கணக்கே மாறிரும், அதுக்கு ஷிப்னு ஒவ்வொரு மாநிலத்துலயும் இலவச கவுன்சலிங் இருக்கு, டெக்சஸ் கலிபோர்னியாவுல அதுக்கே ஹைகாப்னு பேரு. அவங்களுக்கு கமிஷன் கெடையாது. மொதல்ல அங்க ஃபோன் பண்ணுங்க, அப்புறம் ஏஜென்ட்.

இன்னொண்ணு, பொங்கலுக்கு ஊருக்குப் போனா ஆடி முடிஞ்சு வர்ற ஆளுங்களுக்கு: அட்வாண்டேஜ்ல பொதுவா பிளான் ஏரியாவ விட்டு ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா பேர எடுத்துருவாங்க. ஊர்ல ஆஸ்பத்திரி போனா ஒரிஜினல் மெடிகேர் காசு குடுக்காது, பிளான் ஜி மாதிரி சில மெடிகேப் பிளான்ல மட்டும் பயணத்தோட முதல் 60 நாள்ல வர்ற அவசரத்துக்கு, 250 டாலர் போக 80 சதவீதம், ஆயுசுக்கு 50,000 டாலர் வரைக்கும் உண்டு.

அப்பா இப்ப எந்தப் பேப்பரா இருந்தாலும் ஃபிரிட்ஜ் மேல வெச்சிடறாரு. பார்சல்காரன் கையெழுத்து கேட்டாகூட "மை சன் வில் கம்"னு சொல்லி அனுப்பிடறாராம்.

அந்தத் தம்பிகிட்ட, அப்பாவோட மெடிகேர் கார்டு வந்ததும் அதுல பார்ட் பிக்கு நேரா என்ன தேதி போட்டிருக்குனு பாத்து சொல்லுங்கன்னேன். ஏப்ரல் 1னு வந்திருக்காம். செப்டம்பர் 30 வரைக்கும் டைம் இருக்கு, தம்பி, காலண்டர்ல இன்னைக்கே வட்டம் போட்டு வெய்யுங்க.