ரெட்டினா கிழிசலுக்கு லேசர் போட்டப்புறம் பண்ற தப்புகள்

லேசர் போட்டுக்கிட்டு கொஞ்ச நேரத்துல நடந்தே வெளிய வந்துடுறோம், கட்டு இல்ல, தையல் இல்ல, அதனால "சரி, முடிஞ்சுது"ன்னு தோணிடுது. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. முதல் தப்பே அதுதாங்க. ரெட்டினாங்கறது கண்ணுக்குள்ள பின்னாடி சுவத்துல ஒட்டியிருக்கிற, பார்வைக்கான மெல்லிய படலம். அதுல விழுந்த கிழிசலை லேசர் ஒட்டவும் இல்ல மூடவும் இல்ல, ஓட்டையை சுத்தி பொட்டு பொட்டா சுட்டு ஒரு வரப்பு கட்டி விடுது, அவ்ளோதான். சுட்ட இடம் தழும்பாகி பின்னாடி சுவத்தோட கெட்டியா பிடிச்சாதான், கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி ஓட்டை வழியா பூந்து ரெட்டினாவை உரிக்காம இருக்கும். அந்த வரப்பு கெட்டிப்பட ஏறக்குறைய 2 வாரம் ஆகும். கிரையோ (சுடறதுக்குப் பதிலா உறைய வெச்சு தழும்பாக்குறது) வெச்சவங்களுக்கும் இதே கதைதான்.

அதனாலதான் முதல் செக்கப்பை 1 - 2 வாரத்துல போடுறாங்க, அப்புறம் 4 - 6 வாரத்துல, அப்புறம் 3 - 6 மாசத்துல, அதுக்கப்புறம் வருஷா வருஷம். "நல்லாத்தானே தெரியுது"ன்னு இதை விட்டுடுறவங்க நிறைய பேரு. சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிக்கிறவருக்குக் கூட ஓரத்துல ரெட்டினா உரிஞ்சு கிடக்கலாம், ஏன்னா சார்ட் படிக்கிறது நடுப்பகுதி மட்டும்தான். கண்ணாடி கடையில பவர் பாத்துட்டு வர்றதெல்லாம் இந்தக் கணக்குல சேராது. சொட்டு மருந்து விட்டு கண்பாப்பாவை விரிய வெச்சு, தலையில லைட்டை மாட்டிக்கிட்டு, "மேல பாருங்க, இடது ஓரம் பாருங்க"ன்னு சொல்லி சின்ன கம்பியால இமைமேல அமுக்கி பாப்பாங்களே, அதுதான் செக்கப். கடுப்பாத்தான் இருக்கும். ஆனா ஒரு கிழிசல் வந்தவங்கள்ல நூத்துக்கு 5லேர்ந்து 14 பேருக்கு பிற்பாடு வேற இடத்துலயும் வருது, அதை வேற எப்படி கண்டுபிடிக்கிறது? (சொட்டு விட்ட கண்ணோட நீங்களே வண்டி ஓட்டிட்டு வராதீங்க, சில மணி நேரம் கண்ணு கூசும்.)

அடுத்தது, வலி வரட்டும் பாத்துக்கலாம்னு இருக்கிறது. ரெட்டினாவுக்கு வலிக்கவே தெரியாது. கண்ணு சிவக்காது, தண்ணி வராது, சத்தமில்லாம உரியும். புதுசா புள்ளிங்க கூட்டமா பறக்குது, ஓரத்துல மின்னல் வெட்டுது, ஒரு பக்கம் திரை இழுத்த மாதிரி நிழல் வருதுன்னா தூங்கி எழுந்து பாக்கலாம்னு விடாதீங்க, அன்னிக்கே போங்க. நடுப்பகுதி உரியறதுக்கு முன்னாடி பிடிச்சா பார்வை தப்பிக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

இதுக்கு நேர் எதிரா, பழைய புள்ளி இன்னும் பறக்குதே, லேசர் வேலை செய்யலன்னு பயந்து சாகுறவங்களும் உண்டு. லேசர் புள்ளியை எடுக்காதுங்க, அது ரெட்டினாவுல இல்ல, முன்னாடி இருக்கிற ஜெல்லுல மிதக்குது. நான் என்ன பண்ணேன்னா என் புள்ளிங்களை ஒரு பேப்பர்ல வரைஞ்சு வெச்சுக்கிட்டேன், சிலந்தி மாதிரி ஒண்ணு, நூல் மாதிரி ரெண்டு. புதுசு எது பழசு எதுன்னு குழப்பமே இல்ல. தினமும் ஒரு கண்ணை மூடிட்டு வெள்ளை சுவத்தை பாப்பேன், அப்புறம் அடுத்த கண்ணு. ரெண்டையும் திறந்து வெச்சு பாத்தா ஒரு கண்ணோட நிழலை இன்னொரு கண்ணு மறைச்சிடும்.

அடுத்தவங்களுக்கு சொன்னதை நாம செய்யறதும் ஒரு தப்பு. குப்புற படுக்கணும், ஃபிளைட்ல போகவே கூடாதுங்கறதெல்லாம் உரிஞ்ச ரெட்டினாவை அமுக்கிப் பிடிக்க கண்ணுக்குள்ள கேஸ் (வாயுக் குமிழி) போட்டவங்களுக்கு, வெறும் லேசருக்கு இல்ல. கேஸ் போட்டிருந்தா மட்டும் அது முழுசா கரையுற வரைக்கும் ஃபிளைட், மலைப்பக்கம் ரெண்டும் வேண்டாம், மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்டயும் கண்டிப்பா சொல்லணும்.

இன்னொரு கண்ணையும் காட்டுங்க. லேசிக் பண்ணி கண்ணாடி போயிடுச்சுன்னாலும் மைனஸ் பவர் கண்ணுக்கு கிழிசல் வர்ற ரிஸ்க் போகல. கேட்டராக்ட் ஆபரேஷனுக்குப் போனா பழைய கிழிசலைப் பத்தி முதல்லயே சொல்லிடுங்க.

அப்புறம் லேசர் போட்ட இடத்துல குடுத்த சீட்டு, அதை தொலைச்சிடாதீங்க. எந்த கண்ணு, கடிகாரத்துல சொன்னா எத்தனை மணி பக்கம் கிழிசல், லேசரா கிரையோவா, எல்லாம் அதுல இருக்கும். போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து வைங்க, ராத்திரி அவசரமா வேற டாக்டர்கிட்ட ஓட வேண்டி வந்தா அவர் முதல்ல கேக்கறது அதைத்தான்.