செய்தியில் வரும் நாட்டை மாணவர்களோடு தேடிப் படிப்பது எப்படி?

"ஒரு வளரும் நாட்டைப் பற்றி எழுதி வாருங்கள்" என்று ஒன்பதாம் வகுப்பில் முதல் தடவை சொன்னேன். மறுநாள் வந்த தாள்களில் தலைநகரம், நாணயம், கொடி, மக்கள்தொகை. பாதிக்கு மேல் ஒரே பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, நான் கேட்டது அப்படி.

இப்போது செய்வது வேறு. எங்கள் பள்ளி திருப்பூர்ப் பக்கம், பாதிப் பேர் வீட்டில் யாராவது பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அதனால் ஆயத்த ஆடைத் தொழில் பெரிதாக நடக்கும் வங்கதேசத்தை எடுத்தேன். உங்கள் ஊருக்கு வேறு நாடு பொருந்தலாம்.

படி 1: நாட்டை அல்ல, ஒரு செய்தியைக் கொடுங்கள்

2024 ஜூலையில் அரசு வேலை இடஒதுக்கீட்டை எதிர்த்து டாக்காவில் மாணவர்கள் போராடினார்கள். ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்துவிட்டார். மூன்று நாளில் முகமது யூனுஸ் இடைக்கால அரசின் தலைமையை ஏற்றார். இந்த ஒரு செய்தித் துணுக்கு போதும்.

படி 2: படிப்பதற்கு முன் எழுதச் சொல்லுங்கள்

"இந்த நாட்டைப் பற்றி நான் நினைப்பது" என்று அரைப் பக்கம். வெள்ளம், ஏழ்மை, கிரிக்கெட் என்றுதான் வரும். திருத்தாதீர்கள், பத்திரமாக வாங்கி வையுங்கள்.

படி 3: தெரிந்த சொல்லைச் சந்தேகிக்கப் பழக்குங்கள்

இதற்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்கள். "இடஒதுக்கீட்டை எதிர்த்து" என்றதும் என் வகுப்பில் ஒரே சத்தம். நம் பிள்ளைகளுக்கு இடஒதுக்கீடு என்றால் சமூகநீதி. அதை மாணவர்களே எதிர்ப்பார்களா? "அங்கே யாருக்கு, எத்தனை சதவீதம்?" என்று தேடச் சொன்னேன். 1971 விடுதலைப் போரில் பங்கேற்றவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு 30 சதவீதம் என்று கிடைத்தது. ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை 5 சதவீதமாகக் குறைத்ததையும் கண்டுபிடித்தார்கள். சொல் ஒன்றுதான், அங்கே அதற்குள் இருக்கும் வரலாறு வேறு. இதை நானே சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும், மனதில் நின்றிருக்காது.

படி 4: வரைபடம்

அட்லஸ் போதும். மூன்று பக்கமும் பெரும்பாலும் இந்தியா, தென்கிழக்கில் கொஞ்சம் மியான்மர், தெற்கே வங்கக்கடல். கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் வந்து சேரும் இடத்தைப் பென்சிலால் வரையட்டும். வெள்ளம் ஏன் என்பது பாதி புரிந்துவிடும்.

படி 5: எண் வந்தால் ஆண்டும் வர வேண்டும்

ஆண்டு இல்லாத எண்ணை நான் வாங்குவதில்லை. ஒரு பையன் மக்கள்தொகை 16.5 கோடி என்றான், இன்னொருத்தி 17 கோடி என்றாள். இரண்டும் 2022 கணக்கெடுப்புதான்! முதல் அறிக்கையில் வந்தது 16.5 கோடி, விடுபட்டவர்களைச் சேர்த்துத் திருத்தியது 16.98 கோடி.

அதே மாதிரி, ஓர் எண்ணைத் தனியாக நிற்க விடாதீர்கள், பழைய எண்ணைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. (அப்போது அது கிழக்கு பாகிஸ்தான். இதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.) 2007 சிதர் புயலில் 3,000-க்கும் மேல். 2020 ஆம்பன் புயலில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் நூறு பேரைக்கூடத் தொடவில்லை. புயலுக்குப் புயல் பலம் மாறும், உண்மைதான். ஆனால் காப்பிடங்களும், 1972-இல் தொடங்கிய முன்னெச்சரிக்கைத் திட்டத்தின் தன்னார்வலர்களும் சேர்ந்து செய்த வேலை நம் செய்திகளில் எப்போதாவது வருகிறதா? புயல் மட்டும்தான் வருகிறது.

எண்களுக்கு உலக வங்கியின் தரவுத் தளம் நல்லது. விக்கிப்பீடியா வேண்டாம் என்று நான் சொல்வதில்லை, அதில் தொடங்கலாம், முடிக்கக் கூடாது.

படி 6: அந்த ஊர்ப் பேப்பர்

'டெய்லி ஸ்டார்', 'புரொதோம் ஆலோ' இரண்டுக்கும் ஆங்கில இணையதளம் உண்டு. நம் பேப்பரில் முதல் பத்தியில் வருவது அங்கே எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும். ஆங்கிலம் தடுமாறினால் இரண்டு பேராக உட்கார வையுங்கள்.

படி 7: வீட்டுக்குக் கொண்டு போகும் கேள்வி

வங்கதேச ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடை. 1975-இல் ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலில் சேர்ந்த நாடு என்பதால் ஐரோப்பாவுக்குச் சுங்கவரி இல்லாமல் சரக்கு அனுப்புகிறது. 'ஆர்டர் எல்லாம் அங்கே போகிறது' என்று வீட்டில் கேட்ட பேச்சுக்கு இங்கே ஒரு காரணம் கிடைத்தது.

அதே தொழிலில்தான் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். சட்டையின் விலை பற்றிய பேச்சு அங்கிருந்து சம்பளத்துக்குப் போனது. 2023 டிசம்பர் முதல் ஆடைத் தொழிலாளிக்கு அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாகா (அந்நாட்டு நாணயம்). ரூபாய்க்கு மாற்றி, வீட்டில் கேட்டு ஒப்பிட்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு வீட்டில் ஷிப்ட் கணக்கு, ஒரு வீட்டில் பீஸ் ரேட் (முடித்த எண்ணிக்கைக்குக் கூலி), சனிக்கிழமை வாரச் சம்பளம். "மாசத்துக்கு எவ்வளவுன்னு அம்மாவுக்கே தெரியல சார். ஆர்டர் இருக்குற மாசமா, இல்லாத மாசமான்னு கேக்குறாங்க" என்றாள் ஒருத்தி. அந்த வாரம் முழுக்க அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.