கிரேன் ஃபிளை: இறக்கையை அளந்து ஏமாந்த கதை

செப்டம்பர் பிறந்தால் எனக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் நாலடி புல்தரை வைத்திருக்கும் நம் ஆட்களில் யாராவது ஒருவர், ராத்திரி வாசல் விளக்குக்கு வந்த கிரேன் ஃபிளை என்ற நீளக்கால் பூச்சியை போனில் எடுத்து அனுப்பி, "இது டிபுலா ஒலெரேசியாதானே?" என்று அதில் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார். கேட்பதில் தப்பில்லை, அந்த "தானே"தான் உறுத்துகிறது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில், அதே தைரியத்தோடு சறுக்கியவன்.

இது ராட்சதக் கொசு இல்லை, கடிக்காது, பெண்ணின் வால் நுனியில் கூராக நீட்டிக்கொண்டிருப்பது கொடுக்கு இல்லை, முட்டையிடும் உறுப்பு. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இனி, இனம் பார்க்கும்போது வழக்கமாக நடக்கும் தப்புகள்.

உச்சந்தலையைப் பார்க்காமல் விடுவது

மார்பின் மேல்புறம் வி எழுத்தைப் போல ஒரு மடிப்புக் கோடு இருந்தால் கிரேன் ஃபிளை என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். சரிதான், ஆனால் குளிர்கால வெயிலில் கூட்டமாக மேலும் கீழும் ஆடும் ட்ரைகோசெரா என்ற வேறொரு பூச்சிக்கும் அந்தக் கோடு உண்டு. அதற்கு இரண்டு கூட்டுக்கண்களுக்கு நடுவில், உச்சந்தலையில் மூன்று சின்னப் புள்ளிக்கண்கள் இருக்கும். கிரேன் ஃபிளைக்கு அவை கிடையாது. ஒரு பத்து மடங்கு லென்ஸ் போதும்.

காலைப் பிடித்துத் தூக்குவது

கையில் கால் மட்டும்தான் மிஞ்சும்.

இறக்கை வயிற்றைத் தாண்டுகிறதா என்பதை மட்டும் பார்ப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

இங்கே புல்தரையில் அதிகம் கண்ணில் படுகிற, ஒன்றுபோலவே இருக்கிற இரண்டு இனங்கள் டிபுலா பலுடோசாவும் டிபுலா ஒலெரேசியாவும். இரண்டுமே சாம்பல் கலந்த பழுப்பு நிறம், இரண்டுக்கும் இறக்கையின் முன்விளிம்பில் பழுப்புக் கோடு. புதிதாக வருபவருக்கு யாராவது ஒரு குறுக்குவழி சொல்லிவிடுவார்கள்: இறக்கை வயிற்றைவிடக் குட்டையாக இருந்தால் பலுடோசா, நீளமாக இருந்தால் ஒலெரேசியா. இந்த விதி பெண் பூச்சிக்கு மட்டும்தான் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். இரண்டு இனத்திலும் ஆணின் இறக்கை வயிற்றைத் தாண்டியே நிற்கும். அதனால் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர், சிக்கும் ஆண் பலுடோசா ஒவ்வொன்றையும் ஒலெரேசியா என்று எழுதிவைப்பார்.

நான் எழுதினேன். ஒரு முழு இலையுதிர்காலம், தினமும் ராத்திரி குடையும் டார்ச்சுமாக நின்று, நோட்டில் 41 பதிவு. பெரும்பாலும் ஒலெரேசியா! பெருமையோடு பதிவுகளைச் சரிபார்க்கும் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒரே வரி: "இவை ஆணா, பெண்ணா?" அதை நான் குறித்தே வைக்கவில்லை. படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை, வால் நுனி பாதிப் படங்களில் இலைக்குள், பூச்சிகளையோ அப்போதே பறக்க விட்டிருந்தேன். திருத்தக்கூட வழியில்லை, 41ஐயும் நானே அடித்துவிட்டேன்.

ஆகவே முதலில் வால். மழுங்கிப் பருத்திருந்தால் ஆண், கூராக முடிந்தால் பெண். பெண் என்றாலும் நம்பிவிடாதீர்கள், முட்டை இட்டு முடித்தவளின் வயிறு சுருங்கும், செத்துக் காய்ந்தால் இன்னும் சுருங்கும், அப்போது குட்டை இறக்கையும் நீளமாகத் தெரியும்.

அப்புறம் தலை. பூச்சியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாமல் கிடக்கும். மல்லாக்கத் திருப்பி, பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, தலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். ஒலெரேசியாவில் இரண்டு கூட்டுக்கண்களும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருக்கும், பலுடோசாவில் நடுவே தெளிவான இடைவெளி இருக்கும். ஆணோ பெண்ணோ, இதற்கு வித்தியாசமில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: ஒலெரேசியாவுக்கு 13, பலுடோசாவுக்கு 14. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அடியில் உள்ள இரண்டு கணுக்களும் மற்றவை மாதிரி இருக்காது, அதனால் பலர் அவற்றை விட்டுவிட்டு 11, 12 என்று எண்ணி, எந்த இனத்துக்கும் பொருந்தவில்லையே என்று குழம்புகிறார்கள். தலையை ஒட்டிய கணுவே ஒன்று.

மாதத்தை வைத்து முடிவு செய்வது

பலுடோசா ஆண்டுக்கு ஒரு தலைமுறை, கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் பறக்கும். ஒலெரேசியாவுக்கு இரண்டு. மே மாதத்தில் ஒன்று வந்தால் ஒலெரேசியாவாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். செப்டம்பரில் காலண்டர் உதவாது.

புழுவைப் பார்த்து இனம் சொல்வது

மண்ணுக்குள் இருக்கும் சாம்பல் நிறப் புழுவை இங்கே லெதர்ஜாக்கெட் என்பார்கள், தோல் அவ்வளவு தடிமன். புல்லின் வேரைத் தின்று தரையையே சொட்டையாக்கும். 1935ல் லார்ட்ஸ் மைதானத்தையே இவை ஒரு வழி செய்துவிட்டன. அந்தச் சொட்டைத் தரையில் பந்து திரும்பியது, தென்னாப்பிரிக்காவின் லெக் ஸ்பின்னர் பலாஸ்கஸ் 9 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து மண்ணில் அவர்களுடைய முதல் டெஸ்ட் வெற்றியும் அதுதான். எனக்குப் பிடித்த பூச்சிக் கதை இது. ஆனால் புழுவைக் கையில் வைத்துக்கொண்டு பலுடோசாவா ஒலெரேசியாவா என்று லென்ஸில் தேடாதீர்கள். வளர்ந்த பூச்சி வரும்வரை பொறுங்கள்.

பேனாவில் லேபிள்

பூச்சியைப் போட்டுவைக்கும் ஆல்கஹாலில் மை கரையும். பென்சில்.

கொடைக்கானல் படத்துக்கு ஐரோப்பியப் பெயர்

ஊரிலிருந்து வரும் படங்களுக்கும் சிலர் இந்த இரண்டு பெயரில் ஒன்றை ஒட்டிவிடுகிறார்கள். பலுடோசா ஐரோப்பியப் பூச்சி, அங்கிருந்து வட அமெரிக்காவுக்குப் போய் அங்கும் புல்தரைக்குத் தொல்லையாகிவிட்டது. நம் மலைகளின் கணக்கே வேறு. சார்லஸ் அலெக்சாண்டர் என்ற அமெரிக்கர் ஒருவரே உலகம் முழுவதிலிருந்தும் 11,000க்கும் மேற்பட்ட கிரேன் ஃபிளை இனங்களை விவரித்தவர், தென்னிந்தியாவிலிருந்து அவருக்குப் பூச்சி சேகரித்துக் கொடுத்தவர் சூசைநாதன். அந்தக் கூட்டத்தில் ஒன்றுபோல இருக்கும் இனங்களைப் பிரிக்க, பெரும்பாலும் ஆணின் வால் நுனி அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். அதனால் எனக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் வால் நுனியைப் பக்கவாட்டில் ஒன்று, இறக்கை நரம்புகள் தெரிய ஒன்று, முகத்தை நேராக ஒன்று எடுங்கள். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம் வந்தால் நான் "டிபுலா, ஒருவேளை" என்று மட்டும்தான் பதில் போடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.