நில அதிர்வுப் படத்தை வாசிப்பது எப்படி? எண்ணெய்த் துறையில் நிபுணர் அல்லாதோருக்கு ஓர் அறிமுகம்

எண்ணெய், எரிவாயு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ சட்டப் பிரிவிலோ பணிபுரிபவர் முன் என்றாவது ஒரு நாள், கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் நெளியும் நீண்ட படம் ஒன்று விரிக்கப்படும். "இங்கேதான் துளையிடப் போகிறோம்" என்று புவி இயற்பியலாளர் அதில் விரலை வைப்பார். ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்கே நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் செலவாகும் என்பதால், அந்த விரல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கும் அளவுக்காவது படத்தை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதல் படி: இது புகைப்படம் அன்று, எதிரொலிகளின் தொகுப்பு என்பதை மனத்தில் கொள்ளுங்கள். தரையில் ஓடு பதித்து முடித்த கொத்தனார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எதன் அடியில் கலவை பிடிக்கவில்லை என்பதை ஓசையை வைத்தே சொல்லிவிடுவார். நில அதிர்வு ஆய்வும் அதே வேலைதான். நிலத்தில் அதிர்வு லாரிகளாலோ சிறு வெடிகளாலோ, கடலில் அழுத்தப்பட்ட காற்றைச் சட்டென வெளிவிடும் கருவிகளாலோ அலைகளை எழுப்பி, ஒரு பாறை முடிந்து வேறொரு பாறை தொடங்கும் இடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகளைப் பதிவு செய்கிறார்கள். எங்கே தட்டுவது என்பதைத் தேர்ந்தெடுக்க, செலவு குறைந்த புவியீர்ப்பு அளவீடும் காந்தப்புல அளவீடும் பெரும்பாலும் முன்னதாகவே முடிந்திருக்கும்.

இரண்டாம் படி: படத்தின் இடப்பக்க அளவுகோலைப் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அதில் மீட்டர் இல்லாமல் நொடி என்று இருந்தால், அது அலை போய்த் திரும்பிய நேரம். 2 நொடி என்றால் ஒருவழிப் பயணம் 1 நொடி. சராசரி வேகம் நொடிக்கு 2,500 மீட்டர் எனக் கொண்டால் ஆழம் 2,500 மீட்டர். வேகம் உண்மையில் 2,700 ஆக இருந்தால், அதே கோடு 200 மீட்டர் கீழே போய்விடும். இதைவிட நுட்பமான பொறி ஒன்றும் உண்டு. மேலே ஓரிடத்தில் மட்டும் உப்புப் பாறை போன்ற வேகம் மிகுந்த பாறை தடித்திருந்தால், அதன் வழியே சென்ற அலை சீக்கிரம் திரும்பிவிடும். அடியில் தட்டையாகக் கிடக்கும் அடுக்கு, படத்தில் மேடுபோலத் தோன்றும்.

மூன்றாம் படி: ஒரு கோடு ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று கேளுங்கள். பாறையின் அடர்த்தியை அலையின் வேகத்தால் பெருக்கி வரும் எண்ணில், அடுத்தடுத்த அடுக்குகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடோ அவ்வளவு வலிமையான எதிரொலி வரும். ஓர் எடுத்துக்காட்டை நீங்களே கணக்கிடலாம். களிப்பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.4 கிராம், அலையின் வேகம் நொடிக்கு 2,700 மீட்டர், பெருக்கினால் 6,480. அதன் கீழே எரிவாயு நிறைந்த மணற்கல்லின் அடர்த்தி 2.1, வேகம் 2,200; பெருக்கினால் 4,620. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஏறத்தாழ 17 சதவீத வீச்சுடன் அலை திரும்புவது தெரியும். அதே மணற்கல்லில் உப்புநீர் நிறைந்து, அடர்த்தி 2.25 ஆகவும் வேகம் 2,900 ஆகவும் இருந்தால், விடை அரை சதவீதம்கூட வராது. அந்த எல்லை படத்தில் தெரியாமலே போகலாம். எரிவாயு இப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பது உண்மைதான். ஆனால் பாறையின் நுண்துளைகளில் சில சதவீத வாயு மட்டும் இருந்தாலும் வேகம் வெகுவாகக் குறைந்து, கோடு ஏறக்குறைய அதே பளபளப்போடு தெரியும். பளபளப்பை மட்டும் நம்பித் தோண்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இத்துறையில் ஏராளம்.

நான்காம் படி: வடிவத்தைத் தேடுங்கள். எண்ணெயும் வாயுவும் நீரைவிட இலேசானவை என்பதால் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கவிழ்த்த கிண்ணம்போல வளைந்தோ வேறு வகையில் அடைபட்டோ உள்ள தேக்கப் பாறையும், அதன்மேல் கசிவைத் தடுக்கும் மூடு பாறையும் இருந்தால்தான் தங்கும். மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாம்பே ஹை எண்ணெய் வயல் இதற்குத் தெளிவான சான்று. 1960-களின் நடுவில் சோவியத் கப்பலைக் கொண்டு நடத்திய நில அதிர்வு ஆய்வு, கடலடியில் பெரியதொரு மேடு இருப்பதைக் காட்டியது. அதன் சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் இருப்பது உறுதியானதோ, 1974-இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் மேடை துளையிட்ட பிறகுதான்.

ஐந்தாம் படி: படத்தால் எவ்வளவு மெல்லிய அடுக்கைப் பிரித்துக் காட்ட முடியும் என்று கணக்கிடுங்கள். வேகம் நொடிக்கு 3,000 மீட்டர், அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேற்பரப்பும் அடிப்பரப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மணற்கல் அடுக்கு 10 மீட்டர் தடிமன் என்று அறிக்கை அடித்துச் சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த கூட்டத்திற்கு இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஆழத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்ட வேகம் எந்தக் கிணற்றில் அளந்தது, அந்தக் கிணறு இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர்? மேலடுக்குகளின் வேகத்தை 5 சதவீதம் மாற்றி வரைந்தாலும் அந்த மேடு மேடாகவே நிற்கிறதா? இரண்டாவது கேள்விக்கு வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாமல், மாற்றி வரைந்த வரைபடத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.