எழுந்தோடி வந்த தோடி

'ஒரு நாள் போதுமா' பாட்டை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். அதன் வரிக்குள் தோடி என்ற ராகத்தின் பெயர் உட்கார்ந்திருப்பது, மகளின் பள்ளிப் போட்டிக்காக நோட்டில் எழுதிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. 'எழுந்தோடி' என்று எழுதும்போது 'எழுந்' என்றதும் வரி தீர்ந்துபோய், 'தோடி' கீழே இறங்கித் தனியாக நின்றது. பாடிப் பார்த்தால் அந்த இடத்தில் ராகமும் தோடியேதான்!

அதனால், பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ராகப் பெயரைப் பிடிக்க முதல் வேலை நோட்டும் பேனாவும். வரிகளை இடைவெளி விடாமல் சேர்த்து எழுதி, வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு சொல் ஒட்டும் இடத்தைக் கவனியுங்கள்.

அப்புறம் காது. 1965-இல் வந்த 'திருவிளையாடல்' பாட்டு அது; கண்ணதாசன் வரிகள், கே.வி. மகாதேவன் இசை, குரல் பாலமுரளிகிருஷ்ணா. படத்தில் இதைப் பாடும் வித்வான் ஹேமநாத பாகவதரின் கர்வத்துக்கு ராகங்களை அடுக்கிக் காட்டுவது பொருத்தம்தானே. பாட்டு மாண்டு ராகத்தில் தொடங்குகிறது. அதிலிருந்து விலகும் இடத்தில் நிறுத்தி, என்ன சொல் வந்தது என்று பாருங்கள். தோடிக்கு அடுத்து 'தர்பார்' வரும். ராஜசபையைச் சொல்கிறார் என்று கடந்துவிடுவோம், ராகமும் அதுவே. பிறகு மோகனம், கடைசியில் கானடா. அதை நான் வெகுநாள் 'காணடா' என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராகம் பிடிபடவில்லையா? மோகனத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை 'ச' என்று வைத்து, கறுப்பை மட்டும் வரிசையாக அழுத்துங்கள்: ச ரி க ப த. 'அக்னி நட்சத்திரம்' படத்து 'நின்னுக்கோரி வர்ணம்' பல்லவியை அதில் தடவிப் பாருங்கள். அந்த முதல் சொல்லே பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் மோகன வர்ணத்தின் தொடக்கம். ஆனால் வரியில் 'மோகனம்' என்று வந்தாலே ராகம் மோகனம் ஆகிவிடாது. கட்டையில் சரிபார்க்காமல் யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள்.

இந்த விளையாட்டில், கர்நாடக இசைக் கீர்த்தனைகள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் பெரிய ஆள். 'வாதாபி கணபதிம்' கடைசி வரியில் அதன் ராகமான 'ஹம்ஸத்வனி' பளிச்சென்று கேட்கும். அதற்குச் சற்று முன்னால் அவர் கையெழுத்துபோலப் போடும் முத்திரையான 'குருகுஹ'. 'மீனாக்ஷி மே முதம்' கொஞ்சம் கஷ்டம். அதன் ராகம் பூர்விகல்யாணி, ஆனால் அந்தப் பெயரை வரியில் தேடினால் கிடைக்காது. தீட்சிதர் வழியில் அந்த ராகத்துக்குப் பெயர் கமகக்ரியா. பத்து வகைக் கமகங்களோடு, அதாவது ஸ்வரங்களை அசைத்து அழகூட்டும் முறைகளோடு, வீணை மீட்டுபவளே என்று மீனாட்சியைக் கூப்பிடுகிற சாக்கில், 'தச கமகக்ரியே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.