ராவணன் வெட்டில இருந்து 25 செக்கனா விழுந்த கல்லு

தவணைச் சோதனை பௌதிகவியல் பேப்பர் ஒரு கட்டு மேசையில கிடக்கு, சிவப்புப் பேனையோட நான் குந்திக்கொண்டிருக்கிறன், பிளேன்டீ எப்பவோ ஆறிப்போச்சு. ஏ.எல் பிள்ளையள் இத வாசிச்சா என்ர கட்டு கொஞ்சம் கெதியா முடியும், அதுக்குத்தான் எழுதுறன்.

எங்கட திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில, கடலோரப் பாறைப் பிளவான ராவணன் வெட்டில நிண்டு ஒரு கல்ல சும்மா கைவிடுறம், கடல் 125 மீட்டர் கீழ எண்டு வைப்பம், எவ்வளவு நேரத்தில விழும் எண்டு கேட்டிருந்தன். ஜீ, அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகல், 10, அதில பாதி 5, 125ஐ 5ஆல பிரிச்சா 25. இது வரைக்கும் எல்லாரும் சரி. ஆனா அது நேரத்தின்ட வர்க்கம் மகன், மூலம் எடுத்தா 5 செக்கன்தான், பாதிப்பேர் 25 எண்டு எழுதி கீழ ரெண்டு கோடும் போட்டு மூடிட்டினம். 25 செக்கன் விழுறதெண்டா அந்தக் கல்லுக்கு மூண்டு கிலோமீட்டருக்கு மேல உயரம் வேணும், நாட்டிலயே ஆக உயரமான பிதுருதலாகல மலையே 2524 மீட்டர்தான்! கோயிலுக்கு எத்தினை தரம் போயிருப்பியள், ஒருக்கா மனசுக்குள்ள அந்த வெட்டில நிண்டு எட்டிப் பாத்தா விடை பிழையெண்டு தெரியாதா?

வெப்பக் கணக்கிலயும் இதே கூத்துத்தான். 80 பாகைத் தண்ணியையும் 30 பாகைத் தண்ணியையும் கலந்தா 95 பாகையாம். கன்னியா வெந்நீரூத்தில ஏழு கிணத்துத் தண்ணியையும் ஒரு வாளியில ஊத்தினாலும் அதில ஆகச் சூடான கிணத்த விட சூடு கூடாதெல்லோ. கூட்டல் கழித்தல் குறிய மாத்திப் போட்டா இப்பிடித்தான் வரும்.

அலகு பற்றி நான் கத்திக் களைச்சிட்டன். மீன் சந்தையில "நிறை ரெண்டு கிலோ" எண்டு சொல்லலாம், பேப்பரில கிலோகிராம் திணிவுக்கு, நிறைக்கு நியூட்டன், அவ்வளவுதான்.

இனி ஊசல், அத ஆட்டி ஜீ கண்டுபிடிக்கிற செய்முறை. இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். ஊசல விட்டு ஸ்டொப் வோச்ச அமத்தேக்க "பூச்சியம்" எண்டு தொடங்கவேணும், கனபேர் "ஒண்டு" எண்டு தொடங்குறவை, அப்ப 20 அலைவு எண்டு எழுதினது உண்மையில 19, காலம் குறைஞ்சுபோகும், ஜீ 10.8க்கு மேல போய் நிக்கும். அந்த விடையக் கண்ட உடன எனக்கு ஆள் எங்க தொடங்கினவர் எண்டு விளங்கிடும், பிழைதான் ஆனா நேர்மையான பிழை, புள்ளி குடுக்க மனம் வரும். தலைக்கு மேல ஃபேன் சுத்தச் சுத்த நூல் ஆடிக்கொண்டிருக்க, ஒரு குறூப் முழுக்க புத்தகத்தில இருக்கிற அதே 9.81 எண்டு கொண்டுவந்தா? அது அளந்ததில்ல, பாத்து எழுதினது.

இன்னொண்டு, சந்தேகம் வந்த உடன முழுப் பக்கத்தையும் குறுக்கால வெட்டாதேங்கோ. கடைசி விடை பிழைச்சாலும் செய்த முறைக்குப் புள்ளி இருக்கு. வெட்டினதுக்குக் கீழ சரியான படிகள் கிடக்கிறதப் பாக்க எனக்குத்தான் வயிறு எரியும்.

ஒருத்தன் செய்முறைக் கொப்பியே தரேல்ல, "மான் திண்டிட்டு சேர்" எண்டான். வேற ஊரெண்டா சிரிச்சிருப்பன். எங்கட ரோட்டில மான் பொலித்தீனையே மெல்லுது, நம்பாமலும் இருக்கேலாம கிடக்கு. கடிச்ச மிச்சத்தையாவது திங்கக்கிழமை கொண்டுவா எண்டு விட்டிருக்கிறன்.